நெல்லிக்காயை வேக வைத்தால் சத்து போயிடுமா, மிஸ்? – நடுநிலைப் பள்ளியில் ஊட்டச்சத்தைக் கேள்வி வழியே கற்பது

ஊட்டச்சத்துப் பாடம் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே மாதிரிதான் முடிகிறது. சுவரில் ஒரு படம், கரும்பலகையில் ஓர் அட்டவணை: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். ‘வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி’ என்று தேர்வில் சரியாகவும் எழுதிவிடுகிறார்கள். நெல்லிக்காயை வேக வைத்தால் அந்த வைட்டமின் என்ன ஆகும் என்று அதே பிள்ளையைக் கேட்டால் பதில் இல்லை. அது குற்றமில்லை, யோசிக்க அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

மாணவர் கேள்வி கேட்டு, அதற்கு விடை தேடும் வழியையும் தானே வகுத்து, கிடைத்த அளவுகளை வைத்து ஒரு முடிவைச் சொல்லி, அதை மற்றவர்கள் முன் நிறுத்திப் பேசுவதே மாணவர் வழிநடத்தும் தேடல்வழிக் கற்றல். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான வயதுக்கு இது மிகவும் பொருந்தும். கடையில் என்ன வாங்குவது என்று பிள்ளை தானே முடிவெடுக்கத் தொடங்குவது அந்த வயதில்தான்.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். ஆசிரியர் ஒதுங்கி நின்று ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்பது தேடல்வழிக் கற்றல் அல்ல. பழக்கமில்லாத பிள்ளைகளிடம் அப்படி விட்டால், கூகுளில் முதலில் வருவதை அட்டையில் ஒட்டிக் கொண்டுவருவார்கள். கேள்வி பிள்ளையுடையது, அந்தக் கேள்வியை விடை காணக்கூடிய அளவுக்குச் சுருக்கித் தருவது ஆசிரியருடைய வேலை. இந்த முறையில் ஆசிரியருக்கு மிகக் கடினமான பகுதி அதுதான். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

முதல் முறை முயல்பவர்கள் முழுச் சுதந்திரத்தில் தொடங்க வேண்டாம். முதல் தேடலில் கேள்வியையும் செய்முறையையும் ஆசிரியரே தரட்டும். முடிவை மட்டும் பிள்ளைகள் காணட்டும். இரண்டாவதில் ஆசிரியர் கேள்வியை மட்டும் தரலாம். மூன்றாவதில்தான் கேள்வியும் அவர்களுடையதாகும். ஓர் ஆண்டுக்கு மூன்று தேடல் போதும். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் பாடவேளை, இரண்டு மூன்று வாரத்தில் பரப்பிக்கொள்ள வேண்டும்.

கேள்வி எப்படிப் பிறக்கிறது

‘சத்தான உணவு பற்றி ஏதாவது சந்தேகம் உண்டா?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கையில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும்: பத்து ரூபாய் சிப்ஸ் பொட்டலம், ஒரு பிடி கேழ்வரகு, சத்துணவு முட்டை, நெல்லிக்காய். நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பொருள். பத்து நிமிடத்தில் அதைப் பற்றி எத்தனை கேள்வி முடியுமோ அத்தனையும் எழுத வேண்டும். நடுவில் யாரும் பதில் சொல்லக் கூடாது, ‘இது என்ன கேள்வி’ என்று சிரிக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ‘முட்டை சூடு’ என்று யாராவது சொன்னால் அதையும் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்: ‘முட்டை சாப்பிட்டால் உடம்பு சூடாகுமா?’

ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது கேள்வி சேர்ந்துவிடும். அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். முதல் குவியல், வகுப்பறையிலேயே அளந்து பார்க்கக்கூடியவை. இரண்டாவது, படித்தோ ஒருவரைப் பேட்டி எடுத்தோ அறியக்கூடியவை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எதற்கு என்ற கேள்வி இந்த வகை. அதற்குக் கிராம சுகாதார செவிலியரே சிறந்த விடை. அவரிடம் போகும் முன் பிள்ளைகள் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் தந்த பரிந்துரைப்படி, 10 முதல் 12 வயது வரை ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை, பெண் பிள்ளைக்கு 28. ஏன் இந்த வேறுபாடு என்று அவர்களே கேட்பார்கள். மூன்றாவது குவியல், பள்ளியில் விடை காண முடியாதவை. ‘எனக்கு ஏன் முடி கொட்டுது’ என்பது மருத்துவரிடம் போக வேண்டிய கேள்வி. அதைப் பரிசோதனையாக மாற்ற முயலக் கூடாது.

முதல் குவியலில் உள்ளவையும் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். ‘பரோட்டா உடம்புக்குக் கெடுதலா?’ என்பதற்கு ஒரு வகுப்பால் விடை சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் சின்னக் கேள்வியை வெளியே எடுக்க வேண்டும். ‘ஒரே எடையுள்ள பரோட்டாவிலும் சப்பாத்தியிலும் எதிலிருந்து அதிக எண்ணெய் காகிதத்தில் இறங்குகிறது?’ இதற்கு விடை உண்டு. இரண்டிலும் 10 கிராம் துண்டை வெட்டி, வரைபடத் தாளில் வைத்து, மேலே ஒரே புத்தகத்தைப் பத்து நிமிடம் பாரமாக வைக்க வேண்டும். பிறகு தாளை வெயிலில் நன்றாக உலர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, ஒளி ஊடுருவும் கட்டங்களை எண்ண வேண்டும். உலர்த்தாமல் எண்ணினால் ஈரக் கறையும் எண்ணெய்க் கறையாகக் கணக்கில் வந்துவிடும். இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

கேள்வியைச் சுருக்கும்போது பிள்ளையிடம் மூன்று விஷயம் கேட்டால் போதும்: எதை மாற்றப் போகிறாய், எதை அளக்கப் போகிறாய், எதை மாறாமல் வைத்திருக்கப் போகிறாய்? மூன்றாவதற்குத் தயங்குவார்கள். பரோட்டா கடையிலிருந்தும் சப்பாத்தி வீட்டிலிருந்தும் வந்தால் மாவு, எண்ணெய், சுட்ட நேரம் எல்லாமே வேறு. அதை உடனே திருத்த வேண்டாம். முடிவு வந்த பிறகு எதிர்க் குழு அதைச் சுட்டிக்காட்டும்போது பதிவதுபோல் ஆசிரியர் சொல்லிப் பதியாது.

நெல்லிக்காய்க் கேள்வியை முழுதாகச் செய்வது

வைட்டமின் சி-யை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின், சோள மாவு (கார்ன் ஃப்ளோர்), ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச், ஒரு சொட்டுக்குழாய், வைட்டமின் சி 500 மி.கி. மாத்திரை ஒன்று, சமையலறைத் தராசு – இவை போதும். அடிப்படை எளியது. அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்தால் கருநீலம் தோன்றும். வைட்டமின் சி இருந்தால் அது அயோடினைப் பிடித்துக்கொள்ளும். தீரும் வரை நீலம் தங்காது. ஆகவே நீலம் தங்குவதற்கு எத்தனை சொட்டு அயோடின் தேவைப்பட்டதோ, அதற்கேற்ப வைட்டமின் சி இருந்தது என்று பொருள்.

ஒரு தேக்கரண்டி சோள மாவை 250 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து முழுக்க ஆற விட வேண்டும். சூட்டில் கருநீலம் தோன்றாது. அவசரப்பட்டுச் சூடாகவே பயன்படுத்திவிட்டு ‘சோதனை வேலை செய்யவில்லை’ என்பவர்கள் பலர். டிங்சரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, இருண்ட நிறப் புட்டியில் வைக்க வேண்டும். மாத்திரையை நன்றாகப் பொடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அது அளவுகோல் கரைசல்: அதில் ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 2.5 மி.கி. வைட்டமின் சி இருக்கும்.

இனி நெல்லிக்காய். கொட்டை நீக்கி நறுக்கிய துண்டுகளை 20 கிராம் வீதம் இரண்டு பங்காக எடுக்க வேண்டும். முதல் பங்கைப் பச்சையாகவே தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்க வேண்டும். இரண்டாவது பங்கை எவர்சில்வர் பாத்திரத்தில் 100 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் வேக வைக்க வேண்டும். வெந்த துண்டுகளைத் தனியே எடுத்து, முதல் பங்கைப் போலவே அரைத்து வடிகட்டி 100 மி.லி. ஆக்க வேண்டும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. அதையும் ஆற வைத்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி 100 மி.லி. ஆக்கி வைக்க வேண்டும். இப்போது கையில் மூன்று கரைசல்: பச்சை, வெந்தது, வெந்த தண்ணீர். அளவுகோல் கரைசலோடு நான்கு.

ஒவ்வொன்றிலும் 5 மி.லி. எடுத்து, சோள மாவுக் கரைசல் 10 சொட்டு சேர்த்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் தோன்றி மறையும். பத்து விநாடி மறையாமல் நின்றால் நிறுத்தி, சொட்டு எண்ணிக்கையை எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.

எண்கள் எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு மாதிரி: அளவுகோல் 35 சொட்டு, பச்சை 34, வெந்த துண்டு 14, வெந்த தண்ணீர் 15 என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலில் 35 சொட்டு 2.5 மி.கி. என்றால், ஒரு சொட்டு ஏறக்குறைய 0.07 மி.கி. பச்சை நெல்லிக்காய்க் கரைசலின் 5 மி.லி.யில் 2.4 மி.கி.; 100 மி.லி.யில் 48 மி.கி.; இது 20 கிராம் காயிலிருந்து வந்தது, ஆகவே 100 கிராமுக்கு 240 மி.கி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் நெல்லிக்காய்க்கு உள்ள அளவும் ஏறக்குறைய 250 மி.கி. தான். சிரிஞ்சும் சோள மாவும் வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை இவ்வளவு அருகில் வர முடியும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இந்த மாதிரியில் வெந்த துண்டும் தண்ணீரும் சேர்ந்து 29 சொட்டு. பச்சையில் இருந்தது 34. அழிந்தது ஐந்து சொட்டு அளவுதான். துண்டில் குறைந்ததில் பெரும்பங்கு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ‘சத்து போயிடுமா’ என்று தொடங்கிய கேள்வி ‘எங்கே போனது’ என்று மாறுகிறது. காய்கறி வேக வைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவதா, ரசத்தில் சேர்ப்பதா என்று அடுத்த கேள்வி தானே வரும். துண்டை மட்டும் சோதித்துத் தண்ணீரைக் கொட்டியிருந்தால், வேக வைப்பது பாதிக்கும் மேல் அழித்துவிடுகிறது என்ற தவறான முடிவுக்கு வகுப்பு வந்திருக்கும்.

இங்கே வழக்கமாகத் தவறும் இடங்கள் சில. கொதித்து வற்றிய தண்ணீரை மறுபடி 100 மி.லி. ஆக்காமல் சோதித்தால் கரைசல் செறிந்து, சொட்டு எண்ணிக்கை கூடிவிடும்; சாற்றையே கொதிக்க வைத்துச் சோதிக்கும் குழுவுக்கு, வேக வைத்ததில் வைட்டமின் அதிகம் என்ற விந்தையான விடைகூட வரும். வேறு வேறு சொட்டுக்குழாய் பயன்படுத்தினால் சொட்டின் அளவு மாறும். நேற்று கலக்கிய அயோடின் இன்று வலுக் குறைந்திருக்கலாம்; ஆகவே ஒவ்வொரு நாளும் அளவுகோல் கரைசலைப் புதிதாகக் கலக்கிச் சோதித்துக்கொள்ள வேண்டும். நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருட்களும் சிறிது அயோடினை எடுத்துக்கொள்ளும் என்பதால், எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக வரக்கூடும். இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அளவில் பிழை உண்டு என்று தெரிந்துகொண்டே அதைப் பயன்படுத்தப் பழகுவதுதான் அறிவியல்.

சோதனைக்கு எடுத்த எதையும் யாரும் சாப்பிடக் கூடாது. வேக வைப்பது ஆசிரியர் கண் முன் நடக்க வேண்டும். சட்டையில் அயோடின் கறை பட்டால், மிச்சமிருக்கும் மாத்திரைக் கரைசலைக் கறை மேல் விடச் சொல்லுங்கள், மறைந்துவிடும். அதற்குக் காரணம் கேட்டால் பிள்ளைகள் இப்போது சொல்லிவிடுவார்கள். புரதத்துக்கான ஊதா நிறச் சோதனை மட்டும் வேறு வகை. அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் சுடும். அதை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாத பள்ளியில் அந்தச் சோதனையையே விட்டுவிடலாம்.

பொட்டலத்தின் பின்பக்கம்

ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு இது நல்ல தொடக்கம். காலிப் பொட்டலங்களை ஒரு வாரம் சேர்த்தால் போதும். பின்பக்கத்தில் மூலப்பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முன்பக்கம் பெரிதாகத் தானியப் படம் போட்ட பிஸ்கட்டில் மைதா முதலில் நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சர்க்கரை, திரவக் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என ஒரே இனிப்பு மூன்று பெயரில் பிரிந்து நிற்பதும் கண்ணில் படும்.

கணக்கில்தான் தடுமாறுவார்கள். அட்டவணை 100 கிராமுக்கு இருக்கும். பொட்டலம் 30 கிராம் இருக்கும். 100 கிராமில் சோடியம் 800 மி.கி. என்றால் இந்தப் பொட்டலத்தில் 240. சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு: 600 மி.கி., அதாவது 0.6 கிராம். இந்திய லேபிள் விதிகள் ஒரு நாளைக்கு 2000 மி.கி. சோடியத்தை, அதாவது 5 கிராம் உப்பை அடிப்படையாகக் கொள்கின்றன. ஆக ஒரு சின்னப் பொட்டலம் நாளின் 12 விழுக்காடு. உப்பை நிறுத்துக் காகிதத்தில் குவித்து, பக்கத்தில் பொட்டலத்தை ஒட்டி வைத்தால் எண் கண்ணுக்குத் தெரியும். குளிர்பானத்துக்கும் இதே வழி: 100 மி.லி.க்குச் சர்க்கரை 10.6 கிராம் என்று இருந்தால் 300 மி.லி. புட்டியில் கிட்டத்தட்ட 32 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் வீதம் எட்டுக் கரண்டி. கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து விகிதப் பாடமாகவே இதை நடத்தலாம்.

பள்ளிக்கு வெளியே என்ன விற்கிறது என்று பார்க்கும் குழு, 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையையும் படிக்கட்டும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது அது. அளவுநாடா பிடித்து அளப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கடைக்காரரைக் குற்றவாளியாக்கும் வேலையைப் பிள்ளைகள் தலையில் வைக்கக் கூடாது. தூரத்தையும் பொருளையும் பெயரில்லாமல் பதிவு செய்தால் போதும்.

சத்துணவுக் கூடத்தில்

நம் பள்ளிகளில் இதைவிடச் செறிவான ஆய்வுக்களம் கிடையாது. நடுநிலை வகுப்புப் பிள்ளை ஒருவருக்குத் தேசிய அளவுகோல் நாளொன்றுக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30, காய்கறி 75, எண்ணெய் 7.5 கிராம், மொத்தம் 700 கலோரி, 20 கிராம் புரதம். ‘தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது, எது மிஞ்சுகிறது?’ என்பது அருமையான கேள்வி. சோறு, காய், மற்றவை என மூன்று வாளி. காலி வாளியின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, ஐந்து நாள் தொடர்ந்து நிறுத்து, சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரே நாள் நிறுத்தால் அன்றைய சமையலைத்தான் அளந்திருப்போம்.

இதில் கவனம் தேவைப்படும் இரண்டு இடம் உண்டு. 75 கிராம் என்பது சமைக்காத காயின் எடை. வாளியில் இருப்பது வெந்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் வீணான உணவு அல்ல. அவற்றைப் பிரிக்காமல் நிறுத்தால் முருங்கைக்காய் சாம்பார் நாளில் எண் எகிறிவிடும்.

எடைபோடத் தொடங்கும் முன்பே அமைப்பாளரிடமும் சமையலரிடமும் பிள்ளைகளே போய், என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வாளியோடு போய் நின்றால், தன் சமையலைக் குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் அந்த அக்காவுக்குத் தோன்றும். சொல்லிவிட்டுப் போனால் அவர்தான் குழுவின் மிகப் பெரிய துணை. காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் மிச்சம் குறையுமா என்று பிள்ளைகள் கேட்டால், ஒரு வாரம் அப்படிச் செய்து பார்க்கவும் அவர் இசையலாம்.

பிள்ளையை அளக்க வேண்டாம்

ஊட்டச்சத்துத் தேடலில் உண்மையான ஆபத்து அயோடினில் இல்லை. ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்று எல்லோர் முன்னும் கேட்பதில் இருக்கிறது. வீட்டில் ஒரு வேளை சமைக்காத பிள்ளை பொய் சொல்லும், அல்லது அழும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கருவாடு என்று வீட்டு உணவு வெளியே தெரிந்தால், சாதி பார்க்கும் ஊரில் அது அந்தப் பிள்ளை மேல் முத்திரையாக விழும். எடை பார்த்து, உயரம் பார்த்து, ‘குண்டு’, ‘ஒல்லி’ என்று சொல்வது பன்னிரண்டு வயதில் ஆழமாகக் காயப்படுத்தும். ஆகவே தராசில் உணவை மட்டும் ஏற்றுங்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கும் செயல்பாடு வேண்டவே வேண்டாம். உணவு பற்றிய கணக்கெடுப்பு நடத்தினால் பெயரில்லாத சீட்டில், பெட்டியில் போடும்படி நடத்துங்கள்.

ஆறாம் வகுப்பில் காலை உணவு பற்றிய கேள்வி குறிப்பாக நுட்பமானது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளை, இந்த ஆண்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கலாம். ‘காலை உணவு சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளை அடுத்த மூன்று வாரமும் வாய் திறக்காது.

‘நல்ல உணவு’, ‘கெட்ட உணவு’ என்ற சொற்களையும் தவிர்க்கலாம். ‘இதில் உப்பு இவ்வளவு’ என்பது அளந்து கண்டது. ‘இதைச் சாப்பிடுகிறவன் தப்பு செய்கிறான்’ என்ற தொனி வந்துவிட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

எதற்கு மதிப்பெண்

விடை பாடப்புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டால், அடுத்த முறை பிள்ளைகள் எண்ணைத் திருத்தி எழுதுவார்கள். வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) செயல்பாட்டு மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கி, குறிப்பேட்டில் நான்கைப் பார்க்கலாம். கேள்வி அளக்கக்கூடியதாக இருக்கிறதா? ஒப்பிட்டவற்றில் மற்றவை மாறாமல் இருந்தனவா? எதிர்பாராத எண்ணையும் அடிக்காமல் எழுதியிருக்கிறார்களா? முடிவு, கிடைத்த தரவுக்குள் நிற்கிறதா?

நான்காவதில்தான் பயிற்சி அதிகம் தேவை. ‘பிள்ளைகளுக்குக் காய்கறி பிடிக்காது’ என்று அட்டையில் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘எங்கள் பள்ளியில், இந்த ஐந்து நாளில், கத்தரிக்காய் போட்ட இரண்டு நாளும் காய் வாளி மற்ற நாட்களைவிடக் கனமாக இருந்தது’ என்று திருத்திக் கொண்டுவரட்டும். அதைப் படித்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது ‘கத்தரிக்காய் தண்ணி விடும்ல சார், அதனால கனமா இருந்திருக்குமோ?’ என்று கேட்டால், அடுத்த தேடலுக்கான கேள்வி கிடைத்துவிட்டது. அதைச் சொன்னபடியே எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.